கள்ளனை விட்டுவிட்டுக் கோழியைப் பாருங்கள்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரக் கூட்டம் ஒன்றில் எமது தகவல் பிரிவு உத்தியோகத்தர் ஆற்றிய உரை. அன்று வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



இன்றைக்கு நான் கோழியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். வீடு முழுதாகக் கட்டி முடியவில்லை, கிணறு இறைத்துத் துப்புரவாக்கவில்லை, இதற்குள் கோழிக்கு ஒரு பேச்சா என்று நினைக்கலாம். நான் மிருக வைத்தியரும் இல்லை. கலைப்பீடத்தில் படித்துவிட்டு, இந்த நிறுவனத்தில் துண்டுப்பிரசுரமும் கைநூலும் எழுதுகிறவள். ஆனால் வீடு வீடாக வரும்போது நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகளில் ஒன்று இதுதான்: "பிள்ளை, கீரி கடிச்ச கோழிக்கு என்ன செய்யிறது?" முதல் தடவை பதில் தெரியாமல் நின்றேன். பிறகு கால்நடை வைத்தியர் ஒருவருடன் சில நாட்கள் சேர்ந்து வந்து, அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, கேட்டு எழுதிக்கொண்டேன். அதைத்தான் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு கீரியும் மரநாயும் நரியும் என்று கேட்கிறீர்கள். நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் வளவுகள் காடு பற்றிப் போயின. இடிந்த சுவரும் தூர்ந்த பதுங்குகுழியும் அவைகளுக்கு வீடாகின. ஊரில் விட்டுவிட்டு வந்த நாய்களின் குட்டிகள் ஆளைத் தெரியாமல் கூட்டமாகத் திரிகின்றன. நாங்கள் திரும்பி வந்தது அவைகளுக்குத் தெரியாது. ஆனால் கோழி வந்தது தெரியும்.

முதலில் நில்லுங்கள்

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவரும் இங்கே இருக்கிறார். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த பத்துக் கோழிகளில் நாலு மிஞ்சியிருந்தன. ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும், கீரி ஒன்று பேட்டுக்கோழியின் கழுத்தடியில் பிடித்துவிட்டது. அக்கா சத்தம் போட்டுக்கொண்டு பொல்லோடு ஓட, கீரி கோழியை விட்டுவிட்டுப் பற்றைக்குள் பாய்ந்தது. அக்காவும் பின்னாலே பாய்ந்தார். வேலி தாண்டி, ஒழுங்கை தாண்டிப் போனவரை அவருடைய மகன்தான் கத்தி நிறுத்தினான்: "அம்மா, சிவப்புப் பலகை!"

மண்டையோட்டுப் படம் போட்ட அந்தப் பலகை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவருடைய கண்ணில் கீரி மட்டும்தான் தெரிந்தது. போன வழியிலேயே, தன் காலடி பட்ட இடத்திலேயே கால் வைத்து மெதுவாகத் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் கோழி வெயிலில் கிடக்கிறது, காயத்தில் எறும்பு மொய்க்கிறது. பின்னேரம் செத்துவிட்டது. கீரியும் கிடைக்கவில்லை, கோழியும் மிஞ்சவில்லை. காலும் உயிரும் தப்பியது மகனால்.

ஆகவே நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒரு வசனம்தான். கள்ளனை விட்டுவிட்டுக் கோழியைப் பாருங்கள். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவிக்காத நிலத்துக்குள் ஒரு அடியும் வைக்காதீர்கள். பிள்ளைகளைக் கீரிக்குப் பின்னால் ஏவாதீர்கள். காயப்பட்ட கோழியே பற்றைக்குள் ஓடிப் போனாலும் போகட்டும். எல்லையில் நின்று தீனிச் சிரட்டையைத் தட்டிக் கூப்பிடுங்கள். வந்தால் வரட்டும்.

முதல் அரை மணித்தியாலம்

கடிபட்ட கோழி காயத்தால் மட்டும் சாவதில்லை. பயத்தாலும் அதிர்ச்சியாலும் சாகும். அதனால் முதல் மருந்து இருட்டும் அமைதியும்தான்.

ஒரு பழைய துணியைக் கோழியின் மேல் போட்டு, இரண்டு செட்டையையும் உடம்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். சந்தைக்குக் கொண்டுபோவதுபோலக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கக் கூடாது. அதற்கு மூச்சு முட்டும்.

இரத்தம் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றரைக் கிலோக் கோழியின் உடம்பில் மொத்தமாக ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் இரத்தம்தான் இருக்கிறது. ஒரு சின்னத் தேநீர்க் கோப்பை அளவு. எங்களுக்குக் கொஞ்சமாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, ஐந்து தொடக்கம் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே தூக்கிப் பார்த்தால் உறைந்த இரத்தம் கழன்றுவிடும்.

இரத்தம் நின்றதும், அடியில் சாக்கு விரித்த ஒரு கடதாசிப் பெட்டியிலோ கடகத்திலோ வைத்து மேலே துணியால் மூடுங்கள். காற்றுப் போக வழி விடுங்கள். பகலில் தறப்பாளுக்குக் கீழே வைக்காதீர்கள், அங்கே அவிந்துவிடும். மரநிழல் நல்லது. இரவிலும் மழையிலும் குளிர் படாத மூலையில் வையுங்கள். குஞ்சாக இருந்தால் சூடு இன்னும் முக்கியம். போத்தலில் இளஞ்சுடு தண்ணீர் நிரப்பித் துணியால் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள். அரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கள்.

காயத்தைத் தேடுங்கள்

கோழியின் காயம் இறகுக்குள் ஒளித்திருக்கும். மேலே ஒரு சொட்டு இரத்தம்தான் தெரியும், உள்ளே நாலு பல் இறங்கியிருக்கும். நல்ல வெளிச்சத்தில், இறகை விரலால் விலக்கி, தலை, கழுத்து, முதுகு, செட்டைக்குக் கீழே, வயிறு, பின்பக்கம் என்று ஒழுங்காகப் பாருங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் தோல் கிழியும், புதிதாக முளைக்கும் இறகாக இருந்தால் திரும்பவும் இரத்தம் வரும்.

யார் கடித்தது என்பதையும் காயம் ஓரளவுக்குச் சொல்லும். பகலில் தலையிலும் கழுத்திலும் கடி என்றால் பெரும்பாலும் கீரி. இரவில் கூட்டுக்குள் புகுந்தால் மரநாயோ காட்டுப்பூனையோ. முதுகும் வால் பக்கமும் கிழிந்து, ஒரே நாளில் பல கோழிகள் தின்னப்படாமல் கிடந்தால் நாய். முதுகில் நகம் குத்திய துளைகள் இருந்தால் பருந்து. முட்டையும் சின்னக் குஞ்சும் சத்தமில்லாமல் காணாமல் போனால் பாம்பு அல்லது உடும்பு.

கழுவுவதுதான் வைத்தியம்

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். அரை லீற்றருக்கு, மட்டமாக எடுத்த ஒரு சின்னத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கரையுங்கள். உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஊசி இல்லாத சிறிஞ்ச் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுத்தமான பொலித்தீன் பையில் உப்புத்தண்ணீரை ஊற்றி, மூலையில் சின்னத் துளை போட்டுப் பீச்சுங்கள். மண்ணும் இறகும் எச்சிலும் போகும்வரை தாராளமாகக் கழுவ வேண்டும். கடைசியில் பொவிடோன் அயடின் மருந்தைக் கொதித்தாறிய தண்ணீரில் வெறுந்தேநீர் நிறத்துக்குக் கலந்து ஊற்றலாம். பிறகு மெதுவாக ஒற்றி உலரவிடுங்கள். முதல் மூன்று நாலு நாட்களுக்குக் காலையும் பின்னேரமும் இப்படிச் செய்யுங்கள்.

பல் இறங்கிய துளையை வீட்டில் தைத்து மூடக்கூடாது. உள்ளே கிருமி இருக்க வெளியே வாயை மூடினால் அது உள்ளுக்குள்ளே பழுக்கும். பூனை, நாய், கீரியின் வாயில் இருக்கும் கிருமி இரண்டு மூன்று நாளில் கோழியைக் கொல்லக்கூடியது.

எங்கள் பழக்கத்தில் சில உண்டு. மண்ணெண்ணெய் ஊற்றுவது, பழைய என்ஜின் ஒயில் பூசுவது, சாம்பலும் சுண்ணாம்பும் அப்புவது. இவை காயத்தை எரித்து, ஆறுகிற சதையையும் கெடுக்கும். செய்யாதீர்கள். மஞ்சளைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். மேலோட்டமான சிராய்ப்பில் பூசினால் பாதகமில்லை. ஆழமான துளைக்குள் வைத்து அடைக்க வேண்டாம். மஞ்சள் பூசிவிட்டோம் என்று கழுவாமல் விடவும் வேண்டாம். எங்களுக்குத் தந்த மாத்திரைகளை உடைத்துக் கோழிக்குக் கொடுக்காதீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கால்நடை வைத்தியர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். அந்த மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன் பிறகு அவர் சொல்லும் நாட்கள்வரையும் அந்தக் கோழியின் முட்டையையும் இறைச்சியையும் சாப்பிடக்கூடாது.

இலையானைக் கவனியுங்கள்

எங்கள் வெயிலில் இதுதான் பெரிய எதிரி. கீரி கடித்துத் தப்பிய கோழியை இலையான் கொன்றுவிடும். ஈரமான காயத்தில் இலையான் முட்டையிட்டால் ஒரு நாளைக்குள்ளேயே புழு வந்துவிடும். அதனால் பெட்டியை வலையால் மூடுங்கள். கிழிந்துபோன நுளம்பு வலைத் துண்டு போதும். பிள்ளைகள் படுக்கிற வலையை எடுக்காதீர்கள். எச்சம் பட்ட சாக்கைத் தினமும் மாற்றுங்கள். புழு தெரிந்தால் பயப்பட வேண்டாம். உப்புத்தண்ணீரால் பீச்சிக் கழுவி, சின்னச் சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுங்கள். அடுத்த நாளும் பாருங்கள், சில உள்ளே இருக்கும்.

மற்றக் கோழிகளோடு சேர்த்து விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் அவை கொத்தும். கொத்தியே கொன்றுவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கரப்புக்குள் வைத்திருந்தால் நல்லது. கனநாள் காணாத கோழியைத் திரும்பச் சேர்க்கும்போது புதுக்கோழி என்று மற்றவை அடிக்கும்.

தண்ணீரும் தீனியும்

முதல் நாளில் தீனியைவிடத் தண்ணீர் முக்கியம். ஜீவனி இருந்தால் ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். அடுத்த நாள் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். கோழியின் வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது, தண்ணீர் நேரே அதற்குள் போகும். சொண்டின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள், தானே விழுங்கும்.

குடிக்கத் தொடங்கினால் ஊறவைத்த குறுணல் அரிசி, பிசைந்த அவித்த முட்டை, சின்னதாக அரிந்த முருங்கையிலை கொடுங்கள். கோழிக்கு முட்டையா என்று கேட்பீர்கள். புதுச் சதை வளரச் சத்து வேண்டும். மூன்று நாலு நாளைக்கு அரை முட்டை கொடுத்தால் பிறகு அது பல முட்டையாகத் திரும்பி வரும். சில கிழமைக்கு முட்டையிடாமல் இருக்கும். அது நோயல்ல. உடம்பு தேறும்வரை பொறுங்கள்.

இரண்டு மூன்று நாளில் காயத்தைச் சுற்றிப் பச்சை நிறம் தெரிந்தால் அழுகுகிறது என்று முடிவெடுக்காதீர்கள். எங்களுக்கு அடிபட்ட இடம் நீலமாகக் கண்டுவதுபோலக் கோழிக்குப் பச்சையாகக் கண்டும். கறுத்து, நாற்றமும் அடித்தால்தான் அழுகல். கோழியின் சீழும் எங்களுடையதுபோல வடியாது, கட்டியாகத் திரண்டு நிற்கும். அந்தக் கட்டியை நீங்கள் கீறாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கீழ்க்கால் முறிந்திருந்தால் பஞ்சு சுற்றி, இரண்டு பக்கமும் தென்னை ஈர்க்குத் துண்டுகளை வைத்து, துணிநாடாவால் இறுக்காமல் கட்டுங்கள். விரல் வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுக்கம், தளர்த்துங்கள். செட்டை முறிந்தால் மடித்த நிலையில் உடம்போடு சேர்த்துச் சுற்றிக் கட்டுங்கள். நெஞ்சை இறுக்கினால் மூச்சு விடமுடியாது. ஏறக்குறைய மூன்று கிழமையில் எலும்பு பொருந்தும்.

வைத்தியர் எப்போது, விடுதலை எப்போது

இரைப்பை கிழிந்து, தின்றதும் குடித்ததும் கழுத்தடியால் வெளியே வந்தால், தோலுக்குக் கீழே காற்று நிரம்பி உப்பினால், பெரிய தோல் கழன்று தொங்கினால், ஆழமான பல் துளை இருந்தால், அன்றைக்கே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். தொங்குகிற தோலை வெட்டி எறியாமல், உப்புத்தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடிக் கொண்டுபோங்கள். அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரைக் கேளுங்கள், அல்லது எங்கள் களப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

குடல் வெளியே வந்து கிழிந்த கோழி, முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் இழுபடுகிற கோழி, வாயைத் திறந்து மூச்சுக்குப் போராடுகிற கோழி. இவற்றை இழுத்துக்கொண்டிருப்பது இரக்கமல்ல. கைப்பழக்கம் உள்ள ஒருவர் ஒரே வெட்டில் முடித்துவிடட்டும். பிள்ளைகள் பார்க்க வேண்டாம். பார்த்தால் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் சாவைக் காணாதவர்கள் இல்லை. ஆனால் காப்பாற்றப் பார்த்தோம், முடியவில்லை, நோகாமல் அனுப்பினோம் என்று ஒருவர் சொல்வதை அவர்கள் கேட்டது குறைவு.

இப்படிப்பட்ட கோழியைச் சமைக்க வேண்டாம். கிணற்றுக்குத் தூரமாக, முழங்காலுக்கு மேற்பட்ட ஆழத்தில் புதையுங்கள். அதற்கும் துப்புரவாக்கி ஒப்படைத்த நிலத்தில்தான் மண்வெட்டி போடலாம். வெட்டும்போது தெரியாத இரும்போ பிளாஸ்ரிக்கோ தட்டுப்பட்டால் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு வந்து கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கோழியை மீட்கப் போய் நாயோ பூனையோ கீரியோ நரியோ உங்களைக் கடித்தால், கீறினால், கோழியைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பாருங்கள். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய் வந்த பிறகு மருந்தில்லை. வருமுன் போடும் ஊசி அரச ஆஸ்பத்திரியில் இலவசம்.

அடுத்த இரவு

ருசி கண்ட கீரி திரும்பி வரும். அதனால் அன்றைக்கே கூட்டைப் பாருங்கள். கூடு நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் கால்களில் நிற்கட்டும். பெரிய கண் உள்ள வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், கீரியை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை வேண்டும். கதவுக்குக் கொளுக்கி போடுங்கள். பொழுது படுமுன் எண்ணி அடையுங்கள், விடிந்து வெளிச்சம் வந்த பிறகு திறவுங்கள். குஞ்சோடு நிற்கும் கோழியைப் பகலிலும் கரப்பால் மூடுங்கள். கூட்டைச் சுற்றி உங்கள் துப்புரவான நிலத்தில் பற்றையை வெட்டுங்கள். மறைவில்லாத இடத்தால் வரக் கீரிக்கும் பயம்.

செத்த கோழியில் பூச்சிமருந்து ஊற்றி வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். அதைத் தின்பது கீரியாகத்தான் இருக்கும் என்பதில்லை. அடுத்த வீட்டு நாய் தின்னும், சின்னப் பிள்ளை கை வைக்கும்.

முடிக்கிறேன். நான் சொன்ன அந்த அக்காவின் வளவுக்குக் கீரி இரண்டாம் தடவையும் வந்தது. இந்த முறை அவர் ஓடவில்லை. வேலிக்குள்ளே நின்று சத்தம் போட்டார், கோழியைத் துணியால் மூடித் தூக்கினார். முதுகில் தோல் உள்ளங்கை அகலத்துக்குப் போயிருந்தது. அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினார். வந்த பிறகு காலையும் பின்னேரமும் உப்புத்தண்ணீர், வலை மூடிய பெட்டி, குறுணலும் முருங்கையும். மகன் தினமும் பள்ளிக்கூடத்தால் வந்து சாக்கு மாற்றினான். ஐந்தாவது கிழமை புது இறகு முளைத்தது. போன கிழமை நான் போனபோது அது ஒன்பது முட்டையில் அடை கிடந்தது. கிட்டப் போக என் கையைக் கொத்தியது.

முகாமிலிருந்து வந்தபோது எங்கள் கையில் தகரமும் தறப்பாளும் ஒரு மண்வெட்டியும்தான் இருந்தன. அந்தக் கோழிதான் பிள்ளையின் கொப்பிக் காசு, நோய்வந்தால் பஸ் காசு, வந்த விருந்தாளிக்கு ஒரு சாப்பாடு. அதைக் காப்பாற்றப் பாருங்கள். ஆனால் அதற்காக வேலிக்கு அப்பால் ஓடாதீர்கள். இன்னொரு கோழியை நாங்கள் தேடித் தரலாம். உங்களை யாரும் தர முடியாது.